பள்ளிக்கூடத்துக்கு மணி இருக்கு... வீட்டுக்கு?

குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல், வீட்டிலேயே வைத்துச் சொல்லிக் கொடுக்கிற குடும்பங்கள் இப்போதெல்லாம் என் கிளினிக்குக்கு அடிக்கடி வருகின்றன. ‘ஹோம் ஸ்கூலிங் பண்றோம் டாக்டர்’ என்று சொல்லும்போதே அந்த அம்மாவின் முகத்தில் ஒரு பெருமை தெரியும். கூடவே, ‘நீங்களும் திட்டப் போறீங்களா?’ என்கிற பயமும் தெரியும். பாவம், மாமியார் ஏற்கெனவே திட்டியிருப்பார். நாத்தனார் திட்டியிருப்பார். எதிர் ஃபிளாட்டுக்காரர் தினமும் லிஃப்டில், ‘பிள்ளைக்கு இன்னிக்கும் லீவா?’ என்று கேட்டிருப்பார்.

நான் திட்டுவதில்லை. எந்த அம்மாவும் அப்பாவும் விளையாட்டுக்காக இந்த முடிவை எடுப்பதில்லை. திங்கட்கிழமை காலை வந்தாலே வாந்தி எடுக்கிற குழந்தை இருக்கும். மற்றவர்களைப் போல வேகமாக எழுத்துக் கூட்டத் தெரியாமல், வகுப்பில் கூனிக் குறுகிப் போன குழந்தை இருக்கும். எல்.கே.ஜி. கட்டணத்தைக் கேட்டு மயக்கம் வந்த அப்பா இருப்பார். சிலருக்கு, நாலு வயசிலேயே பிள்ளையை மூட்டை தூக்க வைக்க மனசு வராது. இது எல்லாமே நியாயமான காரணம்தான்.

2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. ஏறக்குறைய பத்தொன்பது மாதம்! ‘அப்போ வீட்டிலேயே படிச்சானே, இப்பவும் படிக்க மாட்டானா?’ என்று அந்த அனுபவத்தை வைத்துப் பேசுகிறவர்கள் நிறைய. ஆனால், அன்று நடந்தது வீட்டுப்படிப்பே இல்லை. பள்ளிக்கூடம் செல்போன் வழியாக வீட்டுக்குள் வந்தது, அவ்வளவுதான். எப்போது உட்கார வேண்டும், எப்போது எழுந்திருக்க வேண்டும் என்பதை அன்றைக்கும் டீச்சர்தான் முடிவு செய்தார். இப்போது அதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். வித்தியாசம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பாடத்திட்டத்தைப் பற்றிப் பேச நான் வரவில்லை. ஆறு முதல் பதினாலு வயது வரையிலான குழந்தைகளுக்கான 2009-ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டத்தில் வீட்டுப்படிப்பு என்று தனியாக ஒரு பிரிவு இல்லை. பின்னால் பரீட்சை எழுத, தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. பதினாலு வயது ஆனால் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை அதில் எழுதலாம். இந்த விஷயங்களை எல்லாம் பெற்றோர்கள் விரல்நுனியில் வைத்திருக்கிறார்கள். எந்த ஊர் முறை, எந்தப் பாடப்புத்தகம், என்ன மரப்பொம்மை என்று எனக்கே வகுப்பெடுப்பார்கள். கேட்க சந்தோஷமாகத்தான் இருக்கும்.

ஆனால், நான் பார்ப்பது நாக்கையும் கண்ணையும் நாடியையும். அதில் தெரிவது வேறு. வீட்டுப்படிப்பு ஆரம்பித்த ஆறு மாதத்தில் குழந்தையின் படிப்பு கெட்டுப் போய் என்னிடம் வந்தவர்கள் குறைவு. முதலில் கெடுவது வீட்டுக் கடிகாரம். அடுத்து கெடுவது அம்மாவின் உடம்பு. இரண்டையும் சரி செய்துகொள்ளாமல் ஆரம்பிக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி.

பள்ளிக்கூடத்தில் ஆயிரம் குறை இருக்கட்டும். அங்கே ஒரு மணி இருக்கிறது. அந்த மணிக்காகத்தான் வீடு ஆறு மணிக்கு எழுகிறது. அந்த மணிக்காகத்தான் எட்டு மணிக்கு இட்லி வேகிறது, ராத்திரி ஒன்பதரைக்கு விளக்கு அணைகிறது. மணியை எடுத்துவிட்டுப் பாருங்கள்... எல்லாமே ஒவ்வொன்றாக நகர ஆரம்பிக்கும். அப்பா ஆபீஸிலிருந்து வர ஒன்பது மணி ஆகிறது. ‘அப்பாவைப் பார்க்காம தூங்க மாட்டேன்’ என்று குழந்தை அடம் பிடிக்கிறது. ‘நாளைக்கு ஸ்கூலா கெட்டுது, இருக்கட்டுமே’ என்று விடுகிறோம். தூங்கப் பதினொன்றரை. காலையில் ஒன்பதரைக்கு எழுந்து பத்தரைக்குப் பால், பதினொன்றரைக்கு தோசை. மத்தியானச் சாப்பாடு மூணு மணிக்கு. அதுவும் பாதிதான் இறங்கும். ‘பிள்ளைக்குப் பசியே இல்லை டாக்டர், ஏதாவது லேகியம் கொடுங்க!’

லேகியம் எதற்கு? சித்த மருத்துவத்தில் பகலை மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். காலை 6 முதல் 10 வரை வாதத்தின் நேரம், 10 முதல் 2 வரை பித்தத்தின் நேரம், 2 முதல் 6 வரை கபத்தின் நேரம். காலை வாதம் கீழ்நோக்கி வேலை செய்கிற சமயத்தில் குழந்தை எழுந்து, வெதுவெதுப்பான தண்ணீர் குடித்து, கொஞ்சம் நடமாடினால் மலம் தானாகக் கழியும். உச்சி வேளையில் பித்தம் வலுவாக இருக்கும்போது சூடாகச் சோறு கிடைத்தால் நன்றாகச் செரிக்கும். காலையைத் தூங்கிக் கழித்துவிட்டு மூணு மணிக்குச் சோற்றை ஊட்டினால், அது வயிற்றில் மந்தமாகக் கிடக்கும். வீட்டில் படிக்கிற குழந்தைகளிடம் நான் அதிகமாகப் பார்க்கிற தொந்தரவு மலச்சிக்கல்தான் என்றால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

தூக்கத்தின் அளவைப் பற்றி நவீன மருத்துவமும் தெளிவாகவே சொல்கிறது. மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம். ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம். ‘எப்படியும் பத்து மணி நேரம் தூங்கிடறானே’ என்பீர்கள். நேரக் கணக்கு சரிதான். ஆனால், தினமும் வேறு வேறு நேரத்தில் தூங்கி எழுகிற குழந்தைக்கு வயிறும் குடலும் எதை நம்பி வேலை செய்யும்? ஞாயிற்றுக்கிழமை உட்பட ஒரே நேரத்தில் எழுப்புங்கள். பத்தே நாளில் பசி வந்துவிடும். மருந்துச் செலவு மிச்சம்!

அப்பாவைப் பார்க்கிற பிரச்னைக்கு வழி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வீட்டுப்படிப்பை நான் மனசாரப் பாராட்டுகிற ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று உண்டு. சிறுநீர், மலம், தும்மல், கொட்டாவி, பசி, தாகம், இருமல், தூக்கம், கண்ணீர் என்று உடம்பு தானாக வெளிப்படுத்துகிறவை. இவற்றை அடக்கக் கூடாது. அடக்கினால் நோய் வரும் என்பது பாலபாடம். பள்ளிக்கூடத்துக் குழந்தை இவற்றில் பாதியை அடக்குகிறது! சின்னப் பெண்குழந்தைகளைக் கேட்டுப் பாருங்கள். ‘பாத்ரூம் நாத்தம் ஆன்ட்டி’ என்று காலை எட்டு மணியிலிருந்து மாலை நாலு மணி வரை சிறுநீர் போகாமலேயே வருவார்கள். போக வேண்டி வருமே என்று தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். நீர்க்கடுப்பும் மலச்சிக்கலும் கேட்பானேன்? வீட்டுக் குழந்தைக்கு இந்தக் கொடுமை இல்லை. தாகம் எடுத்தால் தண்ணீர். தூக்கம் வந்தால் பாயில் கொஞ்சம் படுக்கலாம். அழுகை வந்தால்கூட நிம்மதியாக அழலாம்.

பசி மட்டும் இதில் ஏமாற்றிவிடும். சமையலறை பத்தடி தூரத்தில் இருக்கிறது. கணக்குப் போடப் பிடிக்காத குழந்தைக்கு உடனே ‘பசிக்கும்’. ஒரு பிஸ்கட், கொஞ்சம் மிக்ஸர், அரை வாழைப்பழம், ஒரு வாய் ஜூஸ்... அம்மாவும் ‘உக்காந்து எழுதினா சரி’ என்று கொடுத்துவிடுவாள். நாள் முழுக்க வாய் அசைந்துகொண்டே இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் பசி எங்கிருந்து வரும்? வீட்டிலும் இடைவேளை என்று ஒரு நேரம் வையுங்கள். பதினோரு மணிக்கு எள்ளுருண்டையோ, கடலைமிட்டாயோ, சுண்டலோ, ஒரு டம்ளர் மோரோ. அதற்கு முன்னும் பின்னும் தண்ணீர் மட்டும். வீட்டில் இருக்கிற பெரியவர்களும் பிஸ்கட் டப்பாவை மேல் பரணில் ஏற்றிவிட வேண்டும். குழந்தைக்கு ஒரு சட்டம், தாத்தாவுக்கு ஒரு சட்டம் என்றால் நடக்காது!

சரி, எவ்வளவு நேரம் சொல்லிக் கொடுப்பது? இந்தக் கேள்வியில்தான் பல வீடுகள் சண்டைக்களம் ஆகின்றன. பள்ளிக்கூடத்தில் ஆறு மணி நேரம், அதனால் வீட்டிலும் ஆறு மணி நேரம் என்று டைம் டேபிள் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருப்பார்கள். வேண்டவே வேண்டாம். முப்பது, நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் வருகைப் பதிவு, ‘சத்தம் போடாதே’, நோட்டுத் திருத்தம், வரிசையில் நிற்பது என்று போக மிச்சம்தான் பாடம். வீட்டில் ஒரு பிள்ளை, ஒரு அம்மா. நம் முன்னோர் கணக்கில் ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். ஆறேழு வயசுக் குழந்தை ஒரு இடத்தில் மனசு வைத்து உட்காரச் சரியான அளவு அது என்பது என் அனுபவம். காலையில் இரண்டு நாழிகை, இடைவேளைக்குப் பிறகு ஒன்று அல்லது இரண்டு. அதற்கு மேல் பேனா, பென்சிலை எடுக்காதீர்கள்.

மிச்ச நேரம் வீணா? அரிசி களைகிற ஆழாக்கில் கணக்கு இருக்கிறது. காய்கறிக்காரரிடம் கால் கிலோ கேட்பதில் கணக்கு இருக்கிறது. பஸ் போர்டைப் படிப்பது தமிழ். துணி காய்வது விஞ்ஞானம். கறிவேப்பிலைக் கன்றுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிற குழந்தைக்குச் செடியின் பாகங்களைப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. பக்கத்துக் கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள்; வாரம் ஒரு முறை நடத்தியே கூட்டிப் போங்கள். சென்னைக்காரர்களுக்குக் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. இரண்டிலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி உண்டு.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. ‘கறுத்துடுவா’ என்று பெண்குழந்தையை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிற அம்மாக்கள் இன்னமும் இருக்கிறார்கள். வீட்டுப்படிப்பில் இது இரட்டிப்பு ஆபத்து. பள்ளிக்கூடம் போகிற குழந்தையாவது பஸ்ஸுக்கு நிற்கும்போது வெளிச்சத்தைப் பார்க்கும். சீனாவில் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுப் பள்ளிகளில் மட்டும் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் விளையாட விட்டார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், விளையாட விட்ட பிரிவில் 30 சதவிகிதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. மற்றப் பிரிவில் ஏறக்குறைய 40 சதவிகிதம் பேருக்கு. 2015-இல் இந்த முடிவு வெளியானது. வேறு எந்த மருந்தும் கொடுக்கவில்லை, பகல் வெளிச்சம் மட்டும்தான்! நம்மூர் வெயிலுக்குக் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள், சாயங்காலம் நாலரைக்கு மேல். மொத்தத்தில் ஒரு மணி நேரமாவது ஓடி வியர்க்கட்டும். சாயங்காலம் கட்டாயம் போகட்டும். அபார்ட்மென்டில் மற்றப் பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வருகிற நேரம் அது. அவர்களுக்காக மாடிப்படியில் உட்கார்ந்து காத்திருக்கிற குழந்தையைப் பார்த்தால் எனக்கே மனசு என்னவோ செய்யும்.

இனி நான் சொல்லப் போவது சிலருக்குக் கோபத்தைத் தரலாம். பரவாயில்லை.

பள்ளிக்கூடத்தில் பெயர் இல்லாத குழந்தை, சில பட்டியல்களிலிருந்து சத்தமில்லாமல் விடுபட்டுப் போகிறது. பள்ளிக்குள் நடக்கிற கண் பரிசோதனையும் பல் பரிசோதனையும் அதற்குக் கிடைப்பதில்லை. வருடத்துக்கு இரு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், பள்ளிகளில் பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள். வீட்டுக் குழந்தைக்கு யார் நினைவு வைத்துக் கொடுப்பது? பள்ளிக்குப் போகாத குழந்தைகளுக்கு அங்கன்வாடியில் அதே மாத்திரையைத் தருகிறார்கள். ‘அங்கன்வாடியா... நாங்களா?’ என்று மூக்கைச் சுளிக்க வேண்டாம். நேரே போய்க் கேட்டு வாங்குங்கள்.

தடுப்பூசிதான் முக்கியம். ஐந்து, ஆறு வயதில் ஒரு முத்தடுப்பு பூஸ்டர் உண்டு. பத்து வயதிலும் பதினாறு வயதிலும் டெட்டனஸ், டிப்தீரியாவுக்கு ஒன்று உண்டு. ‘நாங்க இயற்கையா வளர்க்கிறோம் டாக்டர், நீங்க சித்தா டாக்டர், நீங்களே ஊசி போடச் சொல்றீங்களே?’ என்று என்னிடம் கேட்கிறார்கள். ஆமாம், சொல்கிறேன். 2017-இல் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம் பள்ளிகளில் நடந்தபோது, வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பிள்ளையை லீவு போட வைத்த பெற்றோர்களைப் பார்த்தேன். தொண்டை அடைப்பான் என்கிற டிப்தீரியா வந்த குழந்தைக்குக் கஷாயம் போதும் என்று எந்த ஒழுங்கான சித்த மருத்துவரும் சொல்ல மாட்டார். கல்லூரியில் எங்களுக்கு நாடியும் சொல்லிக் கொடுத்தார்கள், நோய்க்கிருமியும் சொல்லிக் கொடுத்தார்கள். சளிக்கு ஆடாதோடை என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள். ஊசிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், அங்கே இலவசம். பள்ளிக்கூடத்தை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்குக் காரணம் இருக்கலாம். அதோடு சேர்த்து இதையும் வேண்டாம் என்று தள்ளிவிடாதீர்கள்.

இன்னொன்று. டீச்சர் என்பவர் பாடம் எடுப்பவர் மட்டும் இல்லை, வீட்டுக்கு வெளியே இருந்து பிள்ளையைப் பார்க்கிற ஒரு ஜோடிக் கண். ‘உங்க பையனுக்கு வலது காது சரியா கேக்கலையோ’, ‘கொஞ்ச நாளா உங்க பொண்ணு யாரோடயும் பேசறதில்லையே’ என்று முதலில் சொல்கிறவர் பல சமயம் அவர்தான். தினமும் கூடவே இருக்கிற நமக்கு அது தெரியாது. பாட்டு டீச்சரோ, நீச்சல் மாஸ்டரோ, நம்பிக்கையான பக்கத்து வீட்டு அக்காவோ... உங்கள் குழந்தை வாரத்தில் இரண்டு நாளாவது பழகுகிற, எதையும் சொல்லக்கூடிய ஒரு பெரியவர் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும்.

இப்போது அம்மாவுக்கு வருகிறேன்.

குழந்தையைக் காட்டத்தான் வருவார்கள். குழந்தை என் மேஜை மேல் இருக்கிற கல்வத்தைக் குடைந்துகொண்டு சந்தோஷமாக இருக்கும். நான் அம்மாவைப் பார்ப்பேன். கண் இமையின் உள்பக்கம் வெளுத்திருக்கும். குரல் கம்மியிருக்கும். இடுப்பில் மூன்று வயசு இரண்டாவது குழந்தை. ‘நீ என்னம்மா சாப்பிட்டே காலையில?’ என்று கேட்டால், ஒரு நிமிஷம் யோசிப்பாள். பெரியவன் மிச்சம் வைத்த அரை தோசை. அதுவும் நின்றுகொண்டே.

அவளுடைய நாளைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். முன்பு பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டால் ஒன்பதிலிருந்து மூணு வரை வீடு அவளுடையது. அந்த நேரத்தில்தான் மாவு அரைபடும், துணி மடியும், பேங்க் வேலை நடக்கும். கொஞ்சம் கண்ணயரவும் முடியும். இப்போது அந்த ஆறு மணி நேரத்தில் அவள் டீச்சர். பழைய வேலைகளில் ஒன்றாவது குறைந்ததா? இல்லை! கேஸ் சிலிண்டர்காரர் பெல் அடிக்கும்போது கழித்தல் கணக்கு பாதியில் நிற்கும். குக்கர் மூணாவது விசில் வரும்போது சின்னவள் சுவரில் கிறுக்கியிருப்பாள். பெரியவனை மிரட்டி உட்கார வைத்துவிட்டு, ராத்திரி அவன் தூங்கும்போது தலையைத் தடவி அழுகிற அம்மாக்கள் எத்தனை பேர் தெரியுமா? அம்மாவும் அவளே, வாத்தியாரும் அவளே. கோபித்துக்கொண்டு ஓடி வந்து மடியில் விழ, குழந்தைக்கு வேறு மடி கிடையாது.

இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. அதாவது இரண்டு பேரில் ஒருவருக்கும் மேல். 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்று வந்தது. வீட்டு வேலை செய்கிற ஆண்கள்? 97 நிமிடம். பள்ளிக்கூடத்தையும் வீட்டுக்குள் கொண்டுவந்தால் எந்தப் பக்கம் ஏறும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே அம்மா, புத்தகம் வாங்குவதற்கு முன் உங்கள் ரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள், பேரீச்சை. கீரைச் சோற்றில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு. சாப்பிட்ட கையோடு காபி, டீ வேண்டாம். இரும்புச்சத்து உடம்பில் சேராது, ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள். சோகை அதிகமாக இருந்தால் உணவு மட்டும் போதாது. அலோபதி மாத்திரையோ எங்கள் அயச்செந்தூரமோ, எதுவானாலும் மருத்துவர் பார்த்துத் தரட்டும். பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று செந்தூரத்தைக் கடையில் வாங்கிச் சாப்பிடக் கூடாது.

நாள் முழுக்கக் கத்திக் கத்தித் தொண்டை கட்டினால், ஒரு துண்டு அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்ளலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதிமதுரம் ஆகாது. அவர்கள் உப்பு போட்ட வெந்நீரில் வாய் கொப்பளித்தால் போதும். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை விடாதீர்கள். அன்றைக்குப் பாடம் வேண்டாம். பிள்ளைக்கும் எண்ணெய் தேய்த்துவிட்டு, மிளகு ரசம் சாதத்தைச் சாப்பிட்டுச் சும்மா இருங்கள்.

இனி அப்பாவுக்கு. ஐயா, பத்திரிகையை மூடாதீர்கள்! ‘நாங்க ஹோம் ஸ்கூலிங் பண்றோம்’ என்று நண்பர்களிடம் நீங்கள்தான் முதலில் சொல்வீர்கள். அந்த ‘நாங்க’வில் உங்கள் பங்கு எத்தனை நாழிகை? ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து, ‘இன்னிக்கு என்ன சொல்லிக் கொடுத்தே?’ என்று இன்ஸ்பெக்டர் மாதிரி கேட்பது பங்கு ஆகாது. குழந்தை உங்களைப் பார்க்க ராத்திரி விழித்திருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? அதைக் காலைக்கு மாற்றுங்கள். ஆறு மணிக்கு நீங்கள் எழுப்புங்கள். நீங்கள் பார்க்குக்குக் கூட்டிப் போங்கள். குளிக்க வைத்து, கதை படித்து, இரண்டு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துவிட்டு ஆபீஸ் போங்கள். ஒன்றரை மணி நேரம். அதற்குள் உங்கள் மனைவி உட்கார்ந்து, சூடாக, முழு தோசை மூன்று சாப்பிட்டிருப்பார். குழந்தையும் ராத்திரி எட்டரைக்கே கொட்டாவி விடும். சனிக்கிழமை முழு நாள் உங்களுடையது. அன்று அவர் எங்கே போனார், என்ன செய்தார் என்று கேட்க வேண்டாம்.

இதற்கு ஒத்துக்கொள்ள முடியாத அப்பா இருக்கிற வீட்டில் வீட்டுப்படிப்பை ஆரம்பிக்க வேண்டாம் என்று நான் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். கூட்டுக்குடும்பத்தில் தாத்தா பாட்டி பாதியைத் தாங்கிக்கொண்டால் சரி. தனிக்குடித்தனத்தில், கைக்குழந்தையோடு ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்வது என்பது, அந்த ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பது.

போன வருடம் ஒரு குடும்பம் இரண்டு வருட வீட்டுப்படிப்பை நிறுத்திவிட்டுப் பெண்ணை மூன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். ‘தோத்துட்டோம் டாக்டர்’ என்று அந்த அம்மா கண் கலங்கினாள். என்ன தோல்வி? பெண்ணுக்கு நன்றாகப் படிக்கத் தெரிகிறது, பசி எடுக்கிறது, மரம் ஏறத் தெரிகிறது. அந்த இரண்டு வருடமும் அவளுக்குள் பத்திரமாக இருக்கிறது. அம்மாவுக்கு ஹீமோகுளோபின் எட்டரை. நான் செய்தது இரண்டே காரியம். அம்மாவுக்கு மூன்று மாதத்துக்கு மருந்தும், உணவுப் பட்டியலும் எழுதிக் கொடுத்தேன். புதுப் பள்ளிக்கூடத்தில் கழிப்பறை எப்படி இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். அதைப் பார்க்க அப்பாவைத்தான் அனுப்பினேன்!